டேட்டாபேஸுக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. கையில் ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. அதில் என்னென்ன டேபிள், வியூ (பெயரிட்டு வைத்த க்வெரி, அதாவது தரவைக் கேட்கும் கட்டளை), இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அமைப்பு), ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்) வரையறுக்கப்பட்டிருக்கின்றன என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவற்றைத் தொகுத்துத் தருகிறோம். கட்டளைகளையும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடும் புள்ளியும் இருக்கிற இடத்தில் அப்படியே வரும்.

புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஆவணம் எதுவும் இல்லை. படிக்க மட்டும் அனுமதி உள்ள லாகின்தான் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஆவணம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். 'கிரியேட் டேபிள்' என்று யார் எப்போது தட்டியிருந்தாலும், அந்த வரையறையை போஸ்ட்கிரெஸ் தன்னுடைய சொந்த டேபிள்களில் எழுதி வைத்திருக்கும். இதற்குப் பெயர் சிஸ்டம் கேட்டலாக். டேபிள், வியூ, இண்டெக்ஸ், சீக்வென்ஸ் ஒவ்வொன்றுக்கும் பிஜி_கிளாஸில் ஒரு பதிவு. அவற்றின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பிஜி_ஆட்ரிப்யூட்டில் ஒரு பதிவு. இவற்றைப் படிக்கத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை.

போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவி இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். '\எல்' என்றால் சர்வரில் உள்ள டேட்டாபேஸ்கள் வரும். வேண்டியதில் நுழைந்து '\டிஎன்' கொடுத்தால் ஸ்கீமாக்களின் (டேபிள்களைப் பிரித்து வைக்கும் பெயர்ப் பிரிவுகளின்) பட்டியல். அடுத்து எல்லோரும் '\டிடி' (\dt) தட்டுவார்கள். முதல் தடுக்கல் அங்கேதான். இந்தக் கட்டளை 'சர்ச்_பாத்' என்ற அமைப்பில் உள்ள ஸ்கீமாக்களை மட்டுமே பார்க்கும். வழக்கமாக அது உங்கள் லாகின் பெயரில் உள்ள ஸ்கீமாவும் 'பப்ளிக்'கும்தான். டேபிள்கள் எல்லாம் 'பில்லிங்' என்ற ஸ்கீமாவில் இருந்தால், ஒன்றுமே இல்லை என்று பதில் வரும். '\டிடி பில்லிங்.*' என்று கேளுங்கள். எந்த ஸ்கீமா என்றே தெரியாவிட்டால் '\டிடி *.*'. இதில் கேட்டலாக் டேபிள்களும் சேர்ந்து வரும், அவற்றைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

டேபிள் பெயர் கிடைத்ததும் '\டி+ பில்லிங்.இன்வாய்ஸ்' என்று கொடுத்துப் பாருங்கள். நெடுவரிசைகள், அவற்றின் டைப், நல் (மதிப்பே இல்லாத நிலை) அனுமதி, டிஃபால்ட் மதிப்பு, யாராவது எழுதியிருந்தால் குறிப்பு, கீழே இண்டெக்ஸ்கள், செக் கன்ஸ்ட்ரெயின்டுகள் (மதிப்புக்கான நிபந்தனைகள்), ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைக் குறிக்கும் இணைப்பு), ட்ரிக்கர்கள் (தரவு மாறும்போது தானாக ஓடும் நிரல்கள்) என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். இதில் 'ரெஃபரன்ஸ்டு பை' என்ற பகுதியைத் தவறவிடாதீர்கள். இந்த டேபிளை நம்பி வேறு எந்தெந்த டேபிள்கள் இருக்கின்றன என்பதை அது சொல்லும். அறிமுகமில்லாத டேட்டாபேஸில் எது மையமான டேபிள் என்று கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி இல்லை. அந்தப் பகுதியில் வரிகள் அதிகமாக உள்ள டேபிளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

பெயரில் பெரிய எழுத்து கலந்திருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். மேற்கோள் இல்லாமல் தட்டினால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றிக்கொண்டு தேடும்; கண்ணெதிரே இருக்கும் டேபிளையே இல்லை என்று சொல்லும்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. பிஎஸ்க்யூஎல்லைத் தொடங்கும்போது '-ஈ' என்று பெரிய எழுத்தில் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு '\டி' கட்டளைக்கும் அது உள்ளே ஓட்டும் க்வெரியையும் காட்டும். கேட்டலாக்கைக் கற்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. அந்த க்வெரியை எடுத்து, வேண்டிய இடத்தில் மாற்றி, உங்கள் அறிக்கைக்கே பயன்படுத்தலாம்.

பிஎஸ்க்யூஎல் கிடைக்கவில்லை, வேறு ஏதோ கருவி வழியாகத்தான் இணைய முடியும் என்றால் 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ்' என்ற வியூவை எடுங்கள். டேபிள்_ஸ்கீமா, டேபிள்_நேம், ஆர்டினல்_பொசிஷன் என்ற வரிசையில் அடுக்கினால் முழு வரைபடமும் கிடைக்கும். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஓர் அனுமதி உள்ள டேபிள்கள்தான் அதில் வரும். மெட்டீரியலைஸ்டு வியூ (விடையையும் சேர்த்துச் சேமித்து வைக்கும் வியூ) வராது, இண்டெக்ஸும் வராது. இந்த வியூக்கள் எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியின் தரநிலைப்படி அமைந்தவை; தரநிலையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அவற்றுக்கு பிஜி_கிளாஸுக்கே போக வேண்டும். அதில் 'ரெல்கைண்ட்' என்ற நெடுவரிசையில் ஓர் எழுத்து இருக்கும்: சாதாரண டேபிளுக்கு 'ஆர்', வியூவுக்கு 'வி', மெட்டீரியலைஸ்டு வியூவுக்கு 'எம்', பார்ட்டிஷன் செய்த டேபிளுக்கு 'பி', இண்டெக்ஸுக்கு 'ஐ'.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுக்க 'பிஜி_டம்ப் -எஸ்' உதவும், இங்கே சிறிய 'எஸ்'. தரவு இல்லாமல் வரையறைகள் மட்டும் வரும். ஆனால் வரையறையை மட்டும் எடுக்கும்போதும் அது ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு லாக் (பூட்டு) கேட்கும். உங்களுக்குப் படிக்கும் அனுமதி இல்லாத ஒரே ஒரு டேபிள் இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். அப்போது '-என்' கொடுத்து ஒரு ஸ்கீமாவாகவோ, '-டி' (-t) கொடுத்து ஒரு டேபிளாகவோ எடுங்கள்.

அதே போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீக்களைப் பட்டியலிட 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' பார்த்தேன். ஒரு பதிவும் வரவில்லை. '\டி' மட்டும் ஃபாரின் கீ இருப்பதாகக் காட்டுகிறது. எதை நம்புவது?

'\டி' காட்டுவதை நம்புங்கள். உங்கள் லாகினுக்கு 'செலக்ட்' மட்டும்தானே அனுமதி? அதனால்தான். டேபிள்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் வியூ ஒரு டேபிளைக் காட்ட வேண்டுமானால், நீங்கள் அதன் உரிமையாளராக இருக்க வேண்டும், அல்லது 'செலக்ட்' தவிர வேறு ஏதாவது ஓர் அனுமதி இருக்க வேண்டும். ரெஃபரன்ஷியல்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் வியூவும் இப்படியே. பிழைச் செய்தி எதுவும் வராது, சுழியம் பதிவு என்று மட்டும் வரும். இதை நம்பி 'இந்த டேட்டாபேஸில் ஃபாரின் கீ கிடையாது' என்று அறிக்கை எழுதிவிட்டால் பெரிய தவறாகிவிடும். கேட்டலாக்கிடம் கேட்டுப் பதில் வெறுமையாக வந்தால், முதலில் அனுமதியைச் சந்தேகப்படுங்கள். 'இல்லை' என்ற முடிவுக்கு அப்புறம் வரலாம்.

இந்த க்வெரி அனுமதி வடிகட்டல் இல்லாமல் எல்லா ஃபாரின் கீயையும் தரும்:

செலக்ட் கான்ரெலிட்::ரெக்கிளாஸ், கான்நேம், பிஜி_கெட்_கன்ஸ்ட்ரெயின்ட்டெஃப்(ஓஐடி), கான்வேலிடேட்டட் ஃப்ரம் பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட் வேர் கான்டைப் = 'எஃப்';

முதல் நெடுவரிசை டேபிளின் பெயர். '::ரெக்கிளாஸ்' போடாவிட்டால் வெறும் எண்தான் வரும். மூன்றாவதில் கன்ஸ்ட்ரெயின்டின் முழு வரையறையும் எழுத்தாக வரும். நான்காவது 'எஃப்' என்று இருந்தால் அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட் 'நாட் வேலிட்' என்று சேர்க்கப்பட்டது; புதிய பதிவுகளைச் சோதிக்கும், பழையவை சோதிக்கப்படவில்லை. உறவு வரையறுக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் பழைய தரவு அதை மீறியிருக்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் க்வெரிகளில் இன்னொரு கோளாறும் உண்டு. கன்ஸ்ட்ரெயின்ட்_நேம் மட்டும் வைத்து இரண்டு வியூக்களை இணைத்திருப்பார்கள். போஸ்ட்கிரெஸில் ஒரே ஸ்கீமாவுக்குள் இரண்டு டேபிள்களில் ஒரே பெயரில் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கலாம். அப்போது இல்லாத உறவுகளும் பதிலில் சேர்ந்து வந்துவிடும்.

உண்மையிலேயே ஃபாரின் கீ போடப்படாத டேட்டாபேஸ்களும் நிறைய உண்டு. உறவை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். அங்கே ஒரே பெயரும் ஒரே டைப்பும் உள்ள நெடுவரிசைகளை காலம்ஸ் வியூவில் தேடி, ஒரு பக்கத்தில் உள்ள மதிப்பு மறுபக்கத்தில் இல்லாத பதிவுகளை 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' வைத்து எண்ணுங்கள். சுழியம் வந்தால் உறவு இருக்க வாய்ப்பு அதிகம். நிரூபணம் ஆகிவிடாது, குறிப்பாகச் சிறிய எண்கள் மட்டுமே உள்ள நெடுவரிசைகள் எதனோடும் பொருந்திவிடும்.

கல்லூரித் தேர்வுக்குப் படிக்கிறேன். டேபிள்களைப் பற்றிய விவரமும் டேபிளாகவே இருக்க வேண்டும் என்பது யாருடைய விதி?

எட்கர் எஃப். காட் சொன்னது. ஐபிஎம்மில் இருந்தபடி 1970-இல் தரவை டேபிள்களாக அமைக்கும் ரிலேஷனல் மாதிரியை வெளியிட்டவர் அவர். 1985-இல் கம்ப்யூட்டர்வேர்ல்டு இதழில் ரிலேஷனல் என்று சொல்லிக்கொள்ளத் தேவையான விதிகளை எழுதினார். '12 விதிகள்' என்று பெயர் என்றாலும் 0 முதல் 12 வரை எண்ணிட்டதால் மொத்தம் 13. நீங்கள் கேட்பது நான்காவது விதி: டேட்டாபேஸின் விவரிப்பும் சாதாரணத் தரவைப் போலவே அமைந்திருக்க வேண்டும், அனுமதி உள்ளவர் அதே மொழியைக் கொண்டு அதையும் கேட்க முடிய வேண்டும். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா 1992-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலையில் வந்தது. போஸ்ட்கிரெஸ் 7.4-இலும் மைஎஸ்க்யூஎல் 5.0-இலும் அதைச் சேர்த்தன. ஆரக்கிளிலும் எஸ்க்யூலைட்டிலும் அது கிடையாது. இரண்டும் தமக்கென்று வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல் 8.0-இல் 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸ்' காட்டும் டேபிள்_ரோஸ் எண்ணும் 'கவுண்ட்' எண்ணும் ஒத்துப்போவதே இல்லை. ஆட்டோ_இன்க்ரிமென்ட் (தானாகக் கூடும் வரிசை எண்) மதிப்பும் பழையதாகவே நிற்கிறது. டேட்டாபேஸ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறை) டேபிளுக்கு டேபிள்_ரோஸ் ஒரு மதிப்பீடுதான். உண்மையான எண்ணிக்கையிலிருந்து 40, 50 சதவீதம்கூட விலகலாம் என்று மைஎஸ்க்யூஎல்லின் கையேடே சொல்கிறது. சரியான எண் வேண்டுமானால் 'கவுண்ட்' ஒன்றே வழி.

ஆட்டோ_இன்க்ரிமென்ட் பழையதாக நிற்பதற்குக் காரணம் வேறு. 8.0-இல் இந்தப் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே தருவார்கள். எவ்வளவு நேரம் என்பதை 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பைரி' தீர்மானிக்கிறது. அதன் வழக்கமான மதிப்பு 86400 வினாடி, அதாவது ஒரு நாள். உங்கள் செஷனில் மட்டும் அதை 0 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும். 'அனலைஸ் டேபிள்' ஓட்டினாலும் அந்த டேபிளின் விவரம் புதுப்பிக்கப்படும். டேட்டா_லெங்த், இண்டெக்ஸ்_லெங்த், அப்டேட்_டைம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று இதை வைத்துக் கணக்கிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அதே மைஎஸ்க்யூஎல்லில், பழைய நிறுவல் ஸ்கிரிப்டில் 'செக்' எழுதியிருக்கிறது. 'ஷோ கிரியேட் டேபிள்' அதைக் காட்டவில்லை. யார் அழித்திருப்பார்கள்?

யாரும் அழித்திருக்க வேண்டியதில்லை. 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக் கன்ஸ்ட்ரெயின்டை எழுத்தளவில் ஏற்றுக்கொண்டு, சேமிக்காமல் விட்டுவிடும். எச்சரிக்கையும் வராது. அந்தக் காலத்தில் உருவான டேபிளைப் புதிய பதிப்புக்கு மாற்றினாலும் செக் தானாக முளைக்காது. 'ஆல்டர் டேபிள்' வைத்து நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அதற்கு முன் நிபந்தனையை மீறும் பதிவுகளைத் தேடித் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஆல்டர் தோற்றுவிடும். நெடுவரிசையின் வரையறையிலேயே 'ரெஃபரன்சஸ்' என்று எழுதியிருந்தால் அதையும் சரிபாருங்கள், 8.4 வரை மைஎஸ்க்யூஎல் அதைப் படித்துவிட்டு விட்டுவிடும். தனியாக 'ஃபாரின் கீ' என்று எழுதியது மட்டுமே பதிவாகியிருக்கும். ஸ்கிரிப்டில் இருப்பது எழுதியவரின் எண்ணம். 'ஷோ கிரியேட் டேபிள்' தருவதுதான் நடப்பு.

வரையறைகளை மட்டும் கோப்பாக எடுக்க 'மைஎஸ்க்யூஎல்டம்ப் --நோ-டேட்டா' போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரிக்கர்கள் தாமாக வரும். ப்ரொசீஜர்களும் ஈவென்ட்களும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) வராது. '--ரொட்டீன்ஸ்', '--ஈவென்ட்ஸ்' இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆரக்கிளில் 'செலக்ட் * ஃப்ரம் எம்ப்ளாயீ' வேலை செய்கிறது. 'யூசர்_டேபிள்ஸ்'-இல் அந்தப் பெயரே இல்லை. எப்படி?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது மிக எளியது. மேற்கோள் இல்லாமல் உருவாக்கிய பெயரை ஆரக்கிள் பெரிய எழுத்தில்தான் சேமிக்கிறது. செலக்ட் எழுதும்போது நீங்கள் சிறிய எழுத்தில் தட்டினாலும் அது மாற்றிக்கொள்ளும். ஆனால் டேபிள்_நேம் = என்று எழுதி ஒற்றை மேற்கோளுக்குள் சிறிய எழுத்தில் கொடுத்தால் அது வெறும் தரவு ஒப்பீடு; மாற்றம் எதுவும் நடக்காது, பதிவும் வராது. பெரிய எழுத்தில் கொடுத்துப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் அந்த டேபிள் உங்களுடையது அல்ல. ஆரக்கிளின் அகராதி வியூக்களில் முன்னொட்டுதான் முக்கியம். 'யூசர்_' என்று தொடங்குபவை உங்களுக்குச் சொந்தமானவற்றை மட்டும் காட்டும். 'ஆல்_' நீங்கள் அணுக முடிந்தவற்றைக் காட்டும். 'டிபிஏ_' எல்லாவற்றையும் காட்டும். அதைப் பார்க்க 'செலக்ட்_கேட்டலாக்_ரோல்' போன்ற அனுமதி வேண்டும். 12சி முதல், பல டேட்டாபேஸ்களைச் சேர்த்துப் பார்க்க 'சிடிபி_' என்ற முன்னொட்டும் உண்டு.

இன்னொருவருடைய டேபிளை, ஸ்கீமா பெயர் போடாமலேயே உங்களால் படிக்க முடிகிறது என்றால், நடுவில் ஒரு சினனிம் (மாற்றுப் பெயர்) இருக்க வாய்ப்பு அதிகம். 'ஆல்_சினனிம்ஸ்'-இல் சினனிம்_நேம் எம்ப்ளாயீ என்று தேடுங்கள். டேபிள்_ஓனர், டேபிள்_நேம் இரண்டும் அது எங்கே போகிறது என்று சொல்லும். டிபி_லிங்க் என்ற நெடுவரிசை நிரம்பியிருந்தால் டேபிள் இந்த டேட்டாபேஸிலேயே இல்லை, வேறு சர்வரில் இருக்கிறது. சினனிம் ஒரு வியூவையோ இன்னொரு சினனிமையோ காட்டுவதும் உண்டு. பெயரை வைத்து 'ஆல்_ஆப்ஜெக்ட்ஸ்'-இல் ஆப்ஜெக்ட்_டைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போய்ச் சேருங்கள்.

முழு வரையறையை எடுக்க 'டிபிஎம்எஸ்_மெட்டாடேட்டா.கெட்_டிடிஎல்' உண்டு. ஆப்ஜெக்ட் வகை, பெயர், ஸ்கீமா மூன்றையும் பெரிய எழுத்தில் கொடுங்கள். ஆரக்கிளின் எஸ்க்யூஎல்பிளஸ் கருவியில் ஓட்டினால் பதில் ஓரிரு வரியில் வெட்டுப்பட்டு நிற்கும், ஏனென்றால் 'லாங்' அமைப்பின் வழக்கமான அளவு 80 எழுத்துதான். முன்கூட்டியே 'செட் லாங் 100000', 'செட் பேஜ்சைஸ் 0' கொடுத்துவிடுங்கள். இன்னொருவர் ஸ்கீமாவில் உள்ளதைக் கேட்கும்போது ஓஆர்ஏ-31603 என்று, அப்படி ஓர் ஆப்ஜெக்டே இல்லை என்பதுபோல் பிழை வந்தால், அனுமதி இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே சொன்ன ரோலைக் கேளுங்கள்.

எந்த வியூவில் எது இருக்கும் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். 'டிக்ட்' என்ற வியூவில் எல்லா அகராதி வியூக்களின் பெயரும் ஒரு வரி விளக்கமும் உள்ளன. டேபிள்_நேம் லைக் வைத்து 'கன்ஸ்ட்ரெயின்ட்' அல்லது 'ட்ரிக்கர்' என்று தேடினால் வேண்டியது கிடைக்கும்.

எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு நெடுவரிசையை நீக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் ஸ்டோர்டு ப்ரொசீஜர்களைத் தேடினால் சில விடுபடுகின்றன. ஏன்?

'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ரொட்டீன்ஸ்'-இல் தேடியிருப்பீர்கள். அதில் ரொட்டீன்_டெஃபினிஷன் முதல் 4000 எழுத்துகளை மட்டுமே தரும். நீளமான ப்ரொசீஜரின் பின்பாதியில் அந்தப் பெயர் இருந்தால் அகப்படாது. 'சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ்'-இல் உள்ள 'டெஃபினிஷன்' நெடுவரிசையில் முழுதும் இருக்கும், அங்கே 'லைக்' போட்டுத் தேடுங்கள். அது நல் என்று வந்தால் உங்களுக்கு 'வியூ டெஃபினிஷன்' அனுமதி இல்லை, அல்லது 'வித் என்கிரிப்ஷன்' போட்டு உருவாக்கப்பட்டிருக்கிறது.

'சிஸ்.எஸ்க்யூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபெண்டன்சீஸ்' வியூவையும் கூடவே பாருங்கள். ஆனால் சரம் சரமாக ஒட்டி இயக்கும் டைனமிக் எஸ்க்யூஎல்லில் உள்ள பெயர்கள் அதில் வராது, அதனால் எழுத்துத் தேடலையும் கைவிட வேண்டாம். அப்ளிகேஷன் நிரலுக்குள் எழுதிய க்வெரிகள் இரண்டிலுமே சிக்காது. அவற்றை சோர்ஸ் கோப்புகளில்தான் தேட வேண்டும்.

'எஸ்பி_ரீநேம்' வைத்து ஒரு ப்ரொசீஜரின் பெயரை மாற்றியிருந்தால், டெஃபினிஷனுக்குள் பழைய பெயரே இருக்கும். அந்த எழுத்தை அப்படியே எடுத்து ஓட்டினால் பழைய பெயரில் இன்னொன்று உருவாகிவிடும்.

மொபைல் ஆப் ஒன்றின் எஸ்க்யூலைட் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்துத் திறந்தேன். ஆப்பில் தெரியும் சில டேபிள்கள் கோப்பில் இல்லை.

கோப்பை மட்டும் எடுத்திருப்பீர்கள். அருகிலேயே அதே பெயரோடு '-வால்' (-wal) என்று முடியும் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். அண்மைய மாற்றங்கள் முதன்மைக் கோப்பில் சேராமல் அங்கேயே தங்கியிருக்கலாம். கோப்பின் பெயரைத் தவறாகத் தட்டினாலும் எஸ்க்யூலைட் பிழை சொல்லாது. புதிய காலி டேட்டாபேஸைத் திறந்து கொடுக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வரையறைகளுக்கு '.ஸ்கீமா' போதும். க்வெரியாக வேண்டுமானால் 'எஸ்க்யூலைட்_ஸ்கீமா' டேபிளில் டைப், நேம், எஸ்க்யூஎல் மூன்றையும் எடுங்கள், 3.33-க்கு முந்தைய பதிப்பு என்றால் 'எஸ்க்யூலைட்_மாஸ்டர்' என்று கேட்க வேண்டும். வரையறையில் 'இன்டீஜர்' என்று இருந்தாலும் உள்ளே எழுத்து இருக்கலாம், 'ஸ்ட்ரிக்ட்' போட்ட டேபிள்களில்தான் டைப் கட்டாயம். ஃபாரின் கீயும் ஒவ்வொரு இணைப்பிலும் 'ப்ராக்மா ஃபாரின்_கீஸ்' வழியாக இயக்கினால்தான் வழக்கமாக வேலை செய்யும்.

எல்லா டேபிள்களையும் பட்டியலிட்டுவிட்டேன். 'ஸ்டேட்டஸ்' என்ற நெடுவரிசையில் 1, 2, 3, 9 என்று இருக்கிறது. 9 என்றால் என்ன என்பதை எந்த கேட்டலாக்கும் சொல்லவில்லையே?

சொல்லாது. அமைப்பைத்தான் கேட்டலாக் வைத்திருக்கும், பொருளை அல்ல. ஆனாலும் கைவிடுவதற்கு முன் சில இடங்களைப் பாருங்கள். அந்த நெடுவரிசையில் ஃபாரின் கீ இருந்தால் அது காட்டும் டேபிளில் விளக்கம் இருக்கும். வியூக்களின் வரையறையில் 'கேஸ் வென் ஸ்டேட்டஸ் = 9 தென்' என்று எங்காவது ஒரு சொல் எழுதியிருப்பார்கள்; அறிக்கைக்காக உருவாக்கிய வியூக்களில் இது அடிக்கடி கிடைக்கும். ட்ரிக்கர்களிலும் ப்ரொசீஜர்களிலும் அதே எண்ணைத் தேடுங்கள். பிறகு 9 உள்ள பதிவுகளை மட்டும் எடுத்து, மற்ற நெடுவரிசைகளில் எது எப்போதும் நிரம்பியிருக்கிறது, எது எப்போதும் நல் என்று பாருங்கள். ரத்து செய்த தேதி 9-இல் மட்டும் நிரம்பியிருந்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஊகத்தை அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

உறுதியானதும் டேட்டாபேஸிலேயே எழுதிவையுங்கள். போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் 'கமென்ட் ஆன் காலம்' என்ற கட்டளை இருக்கிறது. உங்கள் லாகின் படிக்க மட்டும்தான் என்றால், டேபிளின் உரிமையாளர் பெயரில் இயக்கக்கூடியவரிடம் கொடுங்கள். டேட்டாபேஸில் நுழைய முடிந்த யாரும் போஸ்ட்கிரெஸில் இந்தக் குறிப்புகளைப் படிக்கலாம். கடவுச்சொல் போன்றவற்றை அங்கே எழுதாதீர்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அங்கே குறிப்பைச் சேர்க்க 'ஆல்டர் டேபிள் … மாடிஃபை' எழுத வேண்டும். அதில் நெடுவரிசையின் முழு வரையறையையும் திரும்ப எழுத வேண்டும். 'ஸ்டேட்டஸ் இன்ட் கமென்ட்' என்று மட்டும் எழுதினால், முன்பிருந்த 'நாட் நல்'லும் 'டிஃபால்ட்'டும் சத்தமில்லாமல் போய்விடும். 'ஷோ கிரியேட் டேபிள்' தரும் அந்த ஒரு வரியை அப்படியே நகலெடுத்து, அதன் கடைசியில் கமென்டைச் சேர்த்து ஓட்டுங்கள். முடிந்ததும் மறுபடி 'ஷோ கிரியேட் டேபிள்' ஓட்டி, பழைய வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.